ஊர் ஆம்பளைங்க ஏன் புராஸ்டேட் டெஸ்ட்டுக்குப் போறதில்ல?

வெளியூர்க் கல்யாணம் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே எங்க பெரியப்பா தண்ணீர் குடிக்க மாட்டார். பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்ல முடியாதே என்ற பயம். வீட்டில் இருக்கும்போதும் இரவில் நாலைந்து முறை எழுந்து கொல்லைப்பக்கம் போவார், வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நிற்பார். பெரியம்மா கேட்டால் "சூடு பிடிச்சிருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வெந்தயமும் இளநீருமாக இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் இடுப்பு வலி. வரப்பு வெட்டின வலி என்று எட்டு மாசம் எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது புற்று எலும்புக்குப் போயிருந்தது.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்று பெரும்பாலும் ஆண் ஹார்மோனை வைத்துத்தான் வளரும். பரவிய பிறகு அந்த ஹார்மோனை நிறுத்த இரண்டு வழி. ஒன்று, காலம் முழுக்கத் தொடரவேண்டிய ஊசி. இன்னொன்று, விதைகளை எடுத்துவிடும் ஆபரேஷன். அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941ல் கண்டு சொன்ன வைத்தியம் இது, அதற்காக 1966ல் நோபல் பரிசும் வாங்கினார். ஊசிக்கு ஒவ்வொரு தடவையும் திருச்சிக்கு அலைய முடியாது என்று பெரியப்பா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். வலி நன்றாகக் குறைந்தது. மூன்று வருஷம் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம் அவர் போகவே இல்லை.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. மணப்பாறைப் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது, எதுவும் தங்காது. "அந்த டெஸ்ட்டுக்குப் போனா கொட்டையை எடுத்துடுவாங்களாம்" என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அறியாமை என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். இந்த நோயோடு அவர்கள் பார்த்த ஒரே ஆள் பெரியப்பா, அவர் போனதோ கடைசிக் கட்டத்தில். காலம் கடந்து போனவருக்குச் செய்த வைத்தியம், முன்கூட்டியே போகவேண்டியவனை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டது.

சரி, கேட்கிறதுக்காவது ஆள் உண்டா? மக்களைத் தேடி மருத்துவம் 2021ல் வந்ததிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் ஊருக்கு வரும் அந்தப் பெண் தங்கமான பிள்ளை. ஆனால் ஊர்க்காரப் பிள்ளை. பாதிப்பேருக்கு அவள் மருமகள் முறை. அவளிடம் போய் "ஒண்ணுக்குச் சரியா போகலம்மா" என்று எந்த ஆம்பளை சொல்வான்? அப்படியே சொன்னாலும், நாடு முழுக்க நடக்கும் அரசின் பரிசோதனைப் பட்டியலில் வாய், மார்பகம், கருப்பைவாய் என்று மூன்று புற்றுதான் இருக்கிறது. மருத்துவ முகாம் என்றால் பகல் வேளையில் வைக்கிறார்கள், அன்றைய கூலி போய்விடும். இதையெல்லாம் தாண்டி ஒருவன் வரவேண்டும் என்றால் அவனுக்கு ஏற்கெனவே வலி இருக்கவேண்டும். ஆரம்பநிலைப் புற்றோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ராத்திரியில் அடிக்கடி எழுந்து போவது பல நேரம் வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம்தான். அதை நினைத்து யாரும் நடுங்க வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும்.

எல்லோரும் ஓடிப்போய் டெஸ்ட் எடுங்கள் என்று நான் எழுதவில்லை. பிஎஸ்ஏ என்பது ஒரு ரத்தப் பரிசோதனை, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்ப்பது. நீர்த்தாரையில் கிருமி இருந்தாலும் அளவு ஏறும், சாதாரண வீக்கத்திலும் ஏறும். ஒன்றும் செய்யாமல் கிடக்கிற புற்றையும் அது காட்டிக்கொடுக்கும், அதற்கு வைத்தியம் பார்க்கப் போய் சிறுநீர் அடங்காமல் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு. ஐரோப்பாவில் 23 ஆண்டு தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்தப் புற்றால் வரும் சாவு 13 சதவீதம் குறைந்தது. 55லிருந்து 69 வயதுக்காரர்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்கட்டும், 70க்கு மேல் வழக்கமாக எடுக்கவேண்டாம் என்பது அமெரிக்க நிபுணர் குழு 2018ல் சொன்னது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஆனால் "டாக்டரோடு பேசி" என்ற அந்த இரண்டு வார்த்தைதான் எங்கள் ஊரில் நடக்காத காரியம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மாமா ஒருவர் இருக்கிறார். சுகர் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் கேட்டுவிட்டு இந்த டெஸ்ட்டையும் எழுதிக்கொடுத்தார். புற்று ஆரம்பத்திலேயே தெரிந்தது. கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இன்றைக்கும் சைக்கிளில் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகிறார். போன மாசம் டீக்கடையில் அந்தப் பழைய பேச்சு வந்தபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ரத்தம்தான்யா எடுத்தாங்க முதல்ல. எல்லாம் இருக்குதுய்யா" என்றார். கடையே அமைதியானது. அன்று சாயங்காலமே இரண்டு பேர் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய், எங்கே போகணும், எவ்வளவு ஆகும் என்று விசாரித்திருக்கிறார்கள். எந்த நோட்டீஸாலும் இதைச் செய்திருக்க முடியாது.

பெரியப்பா மகன், எங்கள் அண்ணனுக்கு 56. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை நான் சொல்லும்போதெல்லாம் "அப்பாவுக்குச் செஞ்சதை எனக்கும் செய்யவா?" என்று எழுந்து போய்விடுவார். நேற்று அவரே போன் பண்ணினார். "மாமாவும் கூட வந்தா வர்றேன்டா" என்றார். மாமாவிடம் கேட்டேன், பாலை விடியலிலேயே ஊற்றிவிட்டு வந்துவிடுகிறாராம். வர்ற புதன்கிழமை மூன்று பேரும் போகிறோம்.