ப்ளூமின் 98 சதவீதம் செயலிக்குக் கிடைத்ததல்ல

"ஆளுக்கேற்ப மாறும் செயலியில் படிக்கும் கல்லூரி மாணவர் 98 சதவீதம் பேரை முந்துவார், இதை ப்ளூமே நிரூபித்துவிட்டார். வியாசர்பாடி மாலை வகுப்புகளை மூடிவிட்டு டேப்லெட் கொடுங்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. எண் சரி. ஆனால் அது செயலிக்குக் கிடைத்த எண் இல்லை.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984இல் எழுதியது, ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைப் பற்றி. படித்தவர்கள் 4, 5, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள். அதில் கல்லூரியும் இல்லை, செயலியும் இல்லை.

செயலிக்கு வருவோம். 2011இல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். கணக்கின் ஒவ்வொரு படியையும் கவனித்துத் திருத்தும் மென்பொருளின் பலன் 0.76 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), மனித ஆசிரியருக்கு 0.79. கிட்டத்தட்ட சமம், நல்ல செய்திதான். ஆனால் கடைசி விடையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு வெறும் 0.31.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் ஃபோனில் வைத்திருப்பது இந்தக் கடைசி வகை. போன வாரம் காசிமேட்டிலிருந்து வரும் பி.காம். முதலாண்டுப் பெண்ணுக்குத் திட்டவிலக்கக் கணக்கு மூன்று முறை தப்பாகப் போனது. செயலி மூன்று முறையும் அதே வீடியோவை ஓட்டியது. அப்புறம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். வழி முழுக்கச் சரி, கடைசியில் வர்க்கமூலம் எடுக்காமல் நிறுத்தியிருந்தாள். அதைச் சுட்டிக்காட்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

டேப்லெட் தாராளமாகக் கொடுக்கட்டும். ப்ளூம் பெயர் வரும் அந்த வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடலாமா என்று இரண்டு அம்மாக்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.