ஓரத்தில் நிற்பவன் சும்மா நிற்கவில்லை

ரக்பி ஆடும் என் அக்கா மகனுக்குச் சனிக்கிழமை நடத்திய பாராட்டு விழாவில் என்ன நடந்தது என்பது இங்கே பலருக்கும் தெரியும். காணொளியும் காரைக்குடி முழுக்கச் சுற்றிவிட்டது. பேசியவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. "விங்கர் என்றால் ஓரமாக நிற்க வேண்டியது, பந்து வந்தால் ஓட வேண்டியது, அவ்வளவுதானே தம்பி?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார். கூட்டம் சிரித்தது. விங்கராக ஆடுகிற, போர்த்திய சால்வையோடு நின்ற என் அக்கா மகனும் சிரித்தான். பெரியவர்கள் நிறைந்த மேடையில் அவன் வேறென்ன செய்வான்?

அவ்வளவு இல்லை ஐயா. எதிரணி பந்தை உயரே உதைத்தால் பின்னால் ஓடிப்போய் அதற்கடியில் நிற்க வேண்டியவன், ஆடுகளத்தின் ஓரத்தில் ஆடும் இந்த விங்கர். கண் வானத்தில் இருக்கும். நூறு கிலோ எடையுள்ள ஒருவன் தன்னை நோக்கி ஓடிவரும் சத்தம் காதில் கேட்கும். அந்த நிலையில் குதித்துப் பிடிக்க வேண்டும். தடுப்பாட்டத்தில் உள்ளே பாய்வதா, கோட்டோரம் காப்பதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். ஒரு அடி தவறினால் எதிரணி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிடும்; அதுதான் ட்ரை, ஐந்து புள்ளி. எண்பது நிமிடமும் ஓடுகிறான். பந்து கைக்கு வருவதோ சில தடவைதான். நீங்கள் பார்ப்பது கடைசி ஐந்து மீட்டரை மட்டும்.

தென்னாப்பிரிக்க விங்கர் பிரயன் ஹபானா, நாடுகளுக்கிடையே நடக்கும் டெஸ்ட் ஆட்டங்கள் 124-இல் 67 ட்ரை போட்டார். ஓரமாக நின்று கிடைத்ததா அது? அதே அணியின் இன்னொரு விங்கர் மகசோலே மபிம்பி சிற்றூரில் பிறந்தவர். தாயையும் சகோதரியையும் சகோதரனையும் இழந்தவர். வீரர்களின் சட்டை எண்ணுக்குள் குடும்பத்தினர் படங்களைப் பதித்தபோது, அவர் தன் படத்தையே கொடுத்தார். முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு 27 வயது. 1995, 2007 உலகக்கோப்பை இறுதிப்போட்டிகளில் ட்ரை எதுவும் போடாமலே கோப்பை வென்ற நாடு அது. உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் தென்னாப்பிரிக்காவின் முதல் ட்ரையை 2019-இல் யோகோஹாமாவில் போட்டவர் இந்த மபிம்பிதான்.

"இந்த உடம்புக்கு ரக்பியா?" என்று காணொளிக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். வேல்ஸ் நாட்டு விங்கர் ஷேன் வில்லியம்ஸ் 1.70 மீட்டர் உயரம்தான். 2008-இல் உலகின் சிறந்த வீரராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

உடம்பு என்றதும் நியூசிலாந்து விங்கர் ஜோனா லோமுவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1995 உலகக்கோப்பை அரையிறுதியில், கேப் டவுனில், இங்கிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை. மைக் கேட் என்ற வீரரின் மேலேயே ஏறி ஓடியதை உலகம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் சிறுநீரக நோய் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த நோயோடுதான் 1999 உலகக்கோப்பையில் எட்டு ட்ரை போட்டார். 2004-இல் மாற்றுச் சிறுநீரகம். 2015-இல், 40 வயதில் இறந்துபோனார். உலகக்கோப்பையை ஒருமுறைகூட அவர் வென்றதில்லை. இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையைப் பற்றித்தான் "அவ்வளவுதானே" என்கிறோம்.

"வேடிக்கைக்குச் சொன்னதை ஏன் பெரிதாக்குகிறீர்கள்?" என்பார்கள். வேடிக்கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் தம்பி தேவகோட்டையில் படித்த காலத்தில் நூறு மீட்டர் ஓடுவான். உறவினர் ஒருவர் கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "நாய் துரத்தினால் இவனை எட்ட முடியாது, வேறு எதற்கு இந்த ஓட்டம்?" என்றார். பந்தியே சிரித்தது. அதன்பின் அவன் மைதானத்துக்குப் போவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. இன்று சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், நன்றாக இருக்கிறான். ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

நமக்கும் ரக்பிக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் கல்கத்தா கோப்பை நம் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. 2025-இல் முதல் ரக்பி பிரீமியர் லீக்கை வென்றது சென்னை அணி.

அடிபடும், எலும்பு முறியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தலையில் படும் அடியை நினைத்தால் எனக்கும் பயம்தான். விங்கரின் காலம் குறுகியது என்பதும் உண்மை. கால் வேகம் குறைந்தால் இளையவன் வந்து நிற்பான். ஆனால் தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டில் கூடி நின்று மாடுபிடிப்பவனை வீரன் என்று கொண்டாடும் நாம், இவனிடம் மட்டும் ஆபத்தைப் பற்றி வகுப்பெடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர்கள் கட்டிய வீடுகளைக் காட்டித்தான் இந்த ஊர் பெருமை பேசுகிறது. அவர்கள் என்ன உறுதிக் கடிதம் வாங்கிக்கொண்டா போனார்கள்? நம் பிள்ளை ஒருவன் தெரியாத வழியில் போனால் "அரசாங்க வேலைக்குப் படி" என்கிறோம். மேடையேற்றிச் சால்வையும் போர்த்தி, அதே மேடையில் சிரிக்கவும் செய்கிறோம். இதற்குப் பாராட்டு விழா என்று பெயர் வைக்காதீர்கள்.

"விடுங்கள் மாமா" என்கிறான் அவன். நான் விடுவதாக இல்லை. அடுத்த விழாவுக்கு அழைக்க வருபவர்கள் முதலில் ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். பந்தைப் பார்க்க வேண்டாம்; பதினொன்றாம் எண் சட்டை போட்ட விங்கரை மட்டும் எண்பது நிமிடம் பார்த்துவிட்டு, பிறகு என் அக்கா வீட்டு வாசலுக்கு வாருங்கள்.