செத்த கோள் என்று யார் சொன்னது?

போன சனிக்கிழமை இரவு, தங்கச்சியின் மகளோடு வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றேன். மழை விட்டு வானம் வெளித்திருந்தது. தெற்கே, கல்கிசைப் பக்கமாக, விருச்சிகத்தின் வால் தெரிந்தது. அதற்குக் கிட்டவாக, எந்தக் கண்ணுக்கும் எட்டாத தூரத்தில், பயங்கரக் குளிரான ஒரு கோள் இருக்கிறது என்று காட்டினேன். பெயர் ஓஜிஎல்ஈ-2005-பிஎல்ஜி-390எல்பி.

"அங்க ஆராவது இருப்பினமோ மாமா?"

புதுக்கோள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் நம் செய்திகளில் ஒரே தலைப்புத்தான்: "இரண்டாவது பூமியா? குடியேறலாமா?" குடியேற முடியாதென்றால் செத்த கோள் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. காணி வாங்கப் போகிறவன் கேட்கிற கேள்வியல்லவா அது? அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை.

இந்தக் கோளையே எடுங்கள். பூமியைப் போல ஐந்தரை மடங்கு நிறை இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். அதன் சூரியன் ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம்; நம் சூரியனைவிடச் சிறியது, மங்கலானது. அதைச் சுற்றிவர ஏறக்குறைய 10 ஆண்டு. 2005 ஆகஸ்டில், பின்னால் இருந்த வேறொரு நட்சத்திரத்தின் ஒளியை இதன் ஈர்ப்பு வளைத்ததில் ஒரு சின்ன மினுக்கம் தெரிந்தது. அது ஒரு நாளளவுகூட நீடிக்கவில்லை, இனித் திரும்பி வரப்போவதும் இல்லை. அதை வைத்துத்தான் இவ்வளவும் கணித்தார்கள். தூரம் 20,000 ஒளியாண்டுக்கும் மேல்; அதாவது அங்கிருந்து ஒளி இங்கே வந்துசேர அத்தனை ஆண்டுகள். அந்த ஒளி கோளைக் கடந்தபோது இங்கே பனியுகம். பாக்கு நீரிணை அன்று தரை. கடல் குறுக்கே இல்லாததால் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம்.

அங்கே வெப்பநிலை சுமார் −220 பாகை செல்சியஸ். அதை எப்படி நினைத்துப் பார்ப்பது? நைதரசன் −210இலேயே உறையும், ஒட்சிசன் −219இல். நம்முடைய காற்றை அங்கே கொண்டுபோய் விட்டால் அது பனியாகக் கொட்டி நிலத்தில் படிந்துவிடும். கொழும்பின் புழுக்கத்தில் நின்றுகொண்டு இதை நினைக்கவே உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் அது மேற்பரப்பு மட்டும்தான். சனியின் நிலவு என்செலடசின் மேற்பரப்பும் கிட்டத்தட்ட −200. அதே 2005இல், அதன் பனிப் பிளவுகளிலிருந்து நீராவி பீச்சியடிப்பதைக் கசினி விண்கலம் கண்டது. பனியோட்டுக்குக் கீழே உப்புக் கடல்! பனி குளிரைக் கொண்டுவருவதாக மட்டும் நாம் நினைக்கிறோம். உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாமல் பொத்திவைப்பதும் பனிதான். நம்முடைய பூமியிலேயே, 1977இல் பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே 2,500 மீற்றர் ஆழத்தில், வெயிலே படாத வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் கூட்டமாக வாழ்வதைக் கண்டார்கள். பாறையிலிருந்து வரும் இரசாயனமே அங்கு சோறு.

அந்தப் பெரிய கோளின் வயிற்றில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து இன்னும் சூடு மிச்சம் இருந்தால், கிலோமீற்றர் கணக்கான பனிக்கடியில் ஒரு கடல் இருக்கலாம். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இருட்டுக் கடலில் ஊற்றுவாய்களை ஒட்டி எதுவோ மெல்ல ஊர்வதை நினைத்துப் பார்க்க எனக்கு உரிமை உண்டு, என் மருமகளுக்கும் உண்டு.

இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவள் கேட்டாள்:

"அப்ப, மேல பனி மூடியிருந்தா, நட்சத்திரம் எண்டு ஒண்டு இருக்கிறதே அதுகளுக்குத் தெரியாது, என்ன?"