எல்லாத்தையும் கொண்டுபோய் ஸ்டோருக்குள்ள போடாதேங்கோ

யாழ்ப்பாணத்தில இப்ப வெப் பக்கம் கட்டுற ரியாக்ட் படிக்கிற பெடியளோட கதைச்சால், ப்ரொப்ஸ் (பக்கத்தின்ர ஒரு துண்டு, அதான் கொம்பொனென்ட், தனக்குக் கீழ உள்ள துண்டுக்குக் குடுக்கிற டேட்டா) வடிவா விளங்கமுதலே, டேட்டாவை ஒரே பொது இடத்தில, அதான் ஸ்டோரில, வைக்கிற ரெடக்ஸ் எண்டு நிக்கினம். ஏன் தம்பி எண்டு கேட்டால் "அண்ணை, ஒரு கொம்பொனென்ட் மற்றதோட கதைக்கோணுமெல்லே" எண்டுவினம். கதைக்கத்தான் வேணும். ஆனா உந்த டேட்டா ஆருக்குச் சொந்தம் எண்டதை முதல் பாருங்கோ, அது தெளிஞ்சால் கதைக்கிற பிரச்சினை முக்காவாசி தானாப் போயிடும்.

கொழும்புக்குப் போற நைட் பஸ்ஸுக்கு சீட் புக் பண்ணுற பக்கம் ஒண்டு செய்யிறியள் எண்டு வைப்பம். ஒரு பக்கம் சீட் படம், மற்றப் பக்கம் எடுத்த சீட்டும் மொத்தக் காசும், மேல திகதி. சீட்டைக் கிளிக் பண்ணக் காசு மாறோணும், இதுக்கு என்னத்துக்கு ஸ்டோர்? ரெண்டுக்கும் மேல இருக்கிற கொம்பொனென்டில எடுத்த சீட்டுகளை மட்டும் ஸ்டேட்டா, அதாவது மாறிக்கொண்டிருக்கிற டேட்டாவா, வைச்சால் அது ப்ரொப்ஸா கீழ இறங்கும், கிளிக் வந்தால் மேல இருந்து குடுத்த ஃபங்ஷனைக் கீழ உள்ளது கூப்பிடும், அலுவல் முடிஞ்சுது. மொத்தக் காசு ஸ்டேட்டே இல்லை, சீட் எண்ணிக்கையை விலையால பெருக்கினால் வாறதைத் தனியா வைச்சு திரையில காட்டினாப் பிறகு ஓடுற யூஸ்எஃபெக்டால ஒத்துப்போகப் பண்ண ஏன் மாரடிக்கிறியள்! திகதி யூஆர்எல்லில இருக்கட்டும், லிங்கை வட்ஸ்அப்பில அனுப்பினால் மற்றாளுக்கும் அதே நாள் திறக்கும். எந்த சீட் காலி எண்டது சேர்வரின்ர சொத்து, உங்களிட்ட இருக்கிறது எப்பவும் பழசாகக்கூடிய கொப்பிதான், அதுக்கு சேர்வர் டேட்டாவை எடுத்து வைச்சுத் தாற டான்ஸ்டாக் குவெரி மாதிரி ஒரு லைப்ரரி காணும், ரெண்டு கொம்பொனென்ட் ஒரே கீயால (பேரால) கேட்டால் ஒரே கேஷில (எடுத்து வைச்ச கொப்பியில) இருந்துதான் எடுக்கும். இப்ப சொல்லுங்கோ, ஸ்டோருக்குள்ள போட என்ன மிச்சம் இருக்கு?

ப்ரொப்ஸ் ரெண்டு மூண்டு படி இறங்கினால் ஏதோ வருத்தம் வந்தமாதிரிப் பயப்பிடுறதும் எனக்கு விளங்கிறதில்லை. எங்க இருந்து வருது எண்டு ஒவ்வொரு ஃபைலாப் பாத்துப் பிடிக்கலாம், அது நல்லதுதானே. நடுவில இருக்கிறதுகளுக்கு அது தேவையே இல்லையெண்டால் சில்ரனா, அதாவது உள்ளுக்கு வாற கொம்பொனென்டை மேலயே செய்து, குடுத்துப் பாருங்கோ, படி படியா ப்ரொப்ஸ் இறக்கிற ட்ரில்லிங் பாதி அதிலயே இல்லாமப் போகும். நடுவில உள்ளதுகளைத் தாண்டி டேட்டாவைக் கீழ குடுக்கிற கொன்டெக்ஸ்ட்டுக்கு நான் எதிரி இல்லை. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் எண்டு மொழி மாத்திற விசயத்துக்கு அது அந்தமாதிரி, எப்பவாவதுதான் மாறும். டைப் பண்ணப் பண்ண மாறுற சேர்ச் பொக்ஸை அதுக்க போட்டால் அந்த வால்யூவை வாசிக்கிற எல்லாம் திரும்ப ரென்டர் ஆகும் (முதல்ல இருந்து கணக்குப் பாத்து வரையும்), தேவையில்லாத ரென்டரைத் தடுக்கிற மெமோ போட்டும் நிக்காது.

எனக்கு உண்மையா எரிச்சல் வாறது ஆரும் செய்தி போட ஆரும் கேக்கக்கூடிய ஈவென்ட் பஸ்ஸைக் கண்டால்தான். கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி, ஊருக்கே கேக்கும், ஆர் சொன்னது, ஆருக்குச் சொன்னது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ரியாக்ட் மாதிரி இன்னொண்டான வியூ, 2020 இல வந்த வியூ 3 இல, ஈவென்ட் பஸ் செய்யப் பாவிச்ச ஒன், ஓஃப் மெதட்டுகளை இன்ஸ்டன்ஸில இருந்து தூக்கினது சரியான வேலை எண்டுதான் சொல்லுவன்.

ஸ்டோர் எண்டது சும்மா வந்ததும் இல்லை. இதே பேஸ்புக்கில முந்தி வாசிக்காத மெசேஜ் இருக்கு எண்டு நம்பர் காட்டும், திறந்தால் ஒண்டும் இராது, அந்த பக் திரும்பத் திரும்ப வந்ததாலதான் டேட்டா ஒரே திசையில போகோணும் எண்டு 2014 இல ஃபிளக்ஸ் எண்ட முறையை வெளியில சொன்னவை. அடுத்த வருசம் ரெடக்ஸ். அதைச் செய்த டான் அப்ரமோவே 2016 இல உங்களுக்கு உது தேவைப்படாமலும் இருக்கலாம் எண்டு எழுதிப்போட்டார், இன்டர்வியூ எடுக்கிற ஆக்களுக்குத்தான் அது இன்னும் போய்ச் சேரேல்லை.

அந்த நைட் பஸ் சீட் புக் பண்ணுற பக்கத்திலயே ஸ்டோர் தேவைப்படுற இடமும் வரும். சீட்டைப் பிடிச்சு வைச்சு காசு கட்ட நேரம் குடுக்கிற டைமர், சீட் பக்கம், பேமென்ட் பக்கம், மேல ஹெடர் எண்டு எல்லா இடத்திலயும் ஓடோணும். அதுக்கு ரெடக்ஸோ, அதே மாதிரி இன்னொரு ஸ்டோர் லைப்ரரியான சுஸ்டான்டோ போடுங்கோ, நான் வாயே திறக்கமாட்டன், ஆனா செக்கனுக்குச் செக்கன் குறையிற நம்பரை அதுக்க வைக்காதேங்கோ, எத்தினை மணிக்கு முடியும் எண்டதை மட்டும் வையுங்கோ, மிச்ச நேரத்தை அந்தந்தக் கொம்பொனென்ட் தானே கணக்குப் பாத்துக் காட்டட்டும்.