மாயாவிக்கும் கரண்ட் வேண்டுமே

'இரும்புக்கை மாயாவியை இனி யார் நினைப்பார்கள்' என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் சிலர் இருக்கிறோம், அண்ணை.

1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் கதாநாயகனே அவர்தான். எங்கள் கைக்கு வந்தது தொண்ணூறுகளில். அட்டை இல்லை, கடைசி இரண்டு பக்கமும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் மூக்கு கறுக்கக் கறுக்கப் படித்தோம். மின்சாரம் பாய்ந்தால்தான் மாயாவி மறைவார், இரும்புக்கை மட்டும் தெரியும். போர் நடந்த எங்கள் வன்னியிலோ அப்போது கரண்டே இல்லை. "இங்க வந்தா இந்த ஆள் என்ன செய்வார்?" என்று தம்பி கேட்டான். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட காலம் அது. "நீ பெடலைச் சுத்து, அவர் மறைவார்" என்றேன்.

டிவி என்றால், ஜெனரேட்டர் உள்ள வீட்டு முற்றத்தில் எப்போதாவது ஒரு படம். மண்ணெண்ணெய் முடிந்தால் கதாநாயகனும் முடிந்தான்.

இப்போது மகன் போனில் ஸ்பைடர்மேன் பார்க்கிறான். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கரண்டும் இல்லாமல் சுவரில் ஏறுகிற ஆள் எனக்கு ஏனோ ஒட்டவில்லை.

சரி, அந்தக் கடைசி இரண்டு பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?