கடைசியாகத் தெரியவருவது பிள்ளைக்குத்தான்

"விசா கையில வரும்வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதீங்க, கண்ணூறு பட்டிடும்." மட்டக்களப்பில் வெளிநாட்டுக்குப் புறப்படும் வீடுகளில் இதைக் கேட்காதவர் இருக்க மாட்டார். ஊருக்கு ஒளிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டி ஏமாந்த கதைகள் இங்கே குறைவா? ஆனால் பெற்ற பிள்ளைக்கும் ஏன் ஒளிக்கிறோம்?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பராமரிப்பு வேலைக்கு இங்கிலாந்து போகிறவர்கள் 2024 மார்ச் 11 முதல் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது என்று சட்டம் வந்தபோது, அதற்கு முன் விண்ணப்பித்துவிட வேண்டுமென்று ஓடிய ஓட்டம் தெரியும்தானே. அந்த அவசரத்தில் பிள்ளையிடம் பேச யாருக்கு நேரம்?

எங்கள் ஒழுங்கையில் நாலாம் ஆண்டு படித்த பிள்ளை ஒன்று. புலமைப்பரிசில் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் சைக்கிளைக் காணோம். பெரியம்மாவின் மகனுக்குக் கொடுத்தாயிற்று. "கொழும்புக்குத்தான் மகள், கொஞ்ச நாளைக்கு" என்றார் தாய். "கொழும்புக்குப் போக என்னத்துக்கு என்ட சைக்கிளக் குடுத்த?" என்று பிள்ளை கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

எங்கட பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அதனால் பிள்ளை வளர்வது அம்மம்மாவின் வளவில். வேலிக்கு அங்கால் பெரியம்மா, இங்கால் சின்னம்மா. பசித்தால் எந்தக் குசினிக்குள்ளும் போகலாம். வெளிநாட்டில் பூட்டிய கதவுக்குள் வேலை முடித்துக் களைத்து வரும் தாய் தகப்பன் இருவர் மட்டும். இழப்பு எவ்வளவு பெரிதென்று இதிலிருந்து கணக்குப் பாருங்கள்.

ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஆறு மாதம் முன்பே சொல்லிப் பயனில்லை, டிக்கெட் போட்டதும் சொன்னால் போதும். பத்து வயசுக்கு மேலென்றால் விண்ணப்பிக்கும்போதே சொல்லலாம். பள்ளியில் போய்ச் சொல்லிவிடுமே என்பீர்கள். சொல்லட்டுமே! கூட்டாளிகளிடம் விடைபெற வேண்டாமா? மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் பெட்டியில் கிலோக் கணக்கில் இடம் ஒதுக்குகிறோம். ஏழு கிலோ கைப்பை ஒன்றைப் பிள்ளையிடமே கொடுங்கள். கிழிந்த பந்தையும் பழைய கொப்பியையும் வைத்தாலும் எடுத்து வெளியே போடாதீர்கள்.

போன இடத்தில் பிள்ளை பள்ளியில் வாயே திறக்கவில்லை என்று பதறுகிறார்கள். புது மொழிக்குள் விழுந்த பிள்ளைகள் பல கிழமை, சிலர் மாதக்கணக்கில், பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது வழமை. அதற்காக வீட்டிலும் தமிழை நிறுத்தி இங்கிலீஷில் பேசத் தொடங்குவது மகா மடத்தனம். நாள் முழுக்க வாயடைத்துக் கிடந்த பிள்ளை பேச இருக்கிற ஒரே இடம் வீடுதான். படுக்கையில் சிறுநீர் கழிக்கும், எப்போதோ விட்டுப்போன பழக்கம் சின்னதுகளுக்குத் திரும்ப வந்தால் ஏசவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்.

இங்கே இருக்கிற எங்களுக்கும் ஒன்று. வீடியோ கோலில் "எங்கள மறந்திட்டியா மனே?" என்று அழுவதை முதலில் நிறுத்துவோம். தங்களால்தான் அம்மம்மா அழுகிறா என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துவிடும், பிறகு போனைக் கண்டாலே ஓடி ஒளிக்கும். மாமரம் காய்த்ததா, பூனை எத்தனை குட்டி போட்டது, தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலில் சனம் எப்படி என்று சொல்லுங்கள். லண்டனில் ஞாயிறு காலை பத்து மணியென்றால் கோடையில் இங்கே பிற்பகல் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. அப்போது எடுங்கள், பிள்ளை நித்திரையால் எழும்பிச் சாப்பிட்டு முடித்திருக்கும்.