அசல் பேட்மேன் என்பவன் எந்த வருஷத்து ஆள்?

நேற்று ராத்திரி நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். படம் பார்த்துப் பிடித்துப்போன ஒரு தங்கை, "பேட்மேன் காமிக்ஸை எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. "படத்தில் வருவது பேட்மேனே இல்லை, அசல் பேட்மேன் யாரையும் கொல்ல மாட்டான், முதலில் அசலைப் படித்துவிட்டு வா" என்று ஆளாளுக்கு வகுப்பெடுத்தார்கள். கேட்ட கேள்வியையே அழித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அசலையே எடுத்துப் பார்ப்போம். 1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழ். பேட்மேனின் முதல் கதை, ஆறே பக்கம். அதில் பேட்மேன் விட்ட குத்தில் வில்லன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். பேட்மேன் பதறவில்லை, இவனைப் போன்றவர்களுக்கு ஏற்ற முடிவுதான் என்கிறான். 1940இல் வந்த 'பேட்மேன்' முதல் இதழில் விமானத்தில் பறந்தபடி இயந்திரத் துப்பாக்கியால் ஒரு லாரியைச் சுடுகிறான். இனி கொலை வேண்டாம், துப்பாக்கி வேண்டாம் என்று ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் நிறுத்தியது அதற்கப்புறம்தான். நீங்கள் அசல் என்று தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த விதியே பின்னால் வந்த திருத்தம். திருத்தங்களிலேயே சிறந்த திருத்தம் என்பேன், ஆனால் திருத்தம்தான்.

முதல் கதையில் அப்பா அம்மா கொலையும் கிடையாது. அது 33ஆம் இதழில், 1939 நவம்பரில் வந்தது. காத்தம் என்ற ஊர்ப்பெயர் 1940 கடைசியில். பேட்மேன் வீட்டுப் பட்லர் ஆல்ஃபிரட் 1943இல் வந்தபோது குண்டான, கொஞ்சம் கோமாளித்தனமான ஆள். அதே வருஷம் வந்த திரைத்தொடரில் ஒல்லியாக, மீசையோடு ஒரு நடிகர் அந்த வேடத்தில் வந்தார். உடனே காமிக்ஸ்காரர்கள் ஆல்ஃபிரட்டை இளைக்க வைத்தார்கள். பேட்மேனின் குகையும் அந்தத் திரைத்தொடர் கொடுத்ததுதான். ஆர்க்கம் மனநலக் காப்பகம் 1974. பெற்றோர் செத்த சந்துக்கு க்ரைம் ஆலி என்று பெயர் வந்தது 1976. அம்மாவின் முத்துமாலை அறுந்து சிதறும் காட்சி 1986இல் ஃபிராங்க் மில்லர் வரைந்தது. அதனால்தான் சொல்கிறேன்: அசல் என்று ஒரே ஒரு பேட்மேன் கிடையாது.

"அது ஆரம்ப காலம், பாத்திரம் அப்போது உருவாகவில்லை" என்பீர்கள். நியாயம். அப்படியானால் எந்த வருஷம் உருவாகி முடிந்தது, சொல்லுங்கள். 1966இல் ஆடம் வெஸ்ட் நடித்த காமெடித் தொடரிலா? 1970 முதல் எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் அவனை மறுபடி இருட்டுக்குக் கூட்டிப்போனபோதா? நீங்கள் எந்த வருஷத்தைச் சொன்னாலும் அதற்கு முன்னால் இருந்தவன் போலி ஆகிவிடுவான்.

"அப்போ யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா?" இதுதான் பொருட்படுத்த வேண்டிய கேள்வி. மாற்றலாம். ஆனால் ஒரு பாகத்தைக் கழற்றினால், அது தாங்கிக்கொண்டிருந்த சுமையை வேறொன்று ஏற்க வேண்டும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

கொல்லாமை விதியையே எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் வரும் கதையில் வில்லன் திரும்பி வந்தாக வேண்டும். 'கொல்ல மாட்டான்' என்ற விதி அதற்கு வழி விடுகிறது. ஆனால் பிடிபட்டவன் எப்படித் தப்பினான்? அதற்கு ஆர்க்கம் தேவைப்பட்டது. தப்பியவன் மறுபடி ஆட்களைக் கொன்றால் அந்தப் பழி யாருக்கு? அந்தக் கேள்வி பேட்மேன் தலையில் விழுகிறது, அதிலிருந்தே நூறு கதை பிறக்கிறது. விதியை எடுத்துவிட்டால் இந்த மொத்தச் சங்கிலியும் போய்விடும். 1989 படத்தில் ஜோக்கர் செத்தான், 1992 படத்தில் பெங்குவின் செத்தான். இரண்டு மணி நேரப் படம் அதைத் தாங்கும், மாதத் தொடர் தாங்காது. 2016 படத்தில் பேட்மேன் கொன்றதல்ல என் குறை. இருபது வருஷம் ஓடித் தேய்ந்த ஆள் என்று காட்டினார்கள். அந்த விதி எந்த நாளில் உடைந்தது என்று காட்டவில்லை. அதனால் உடைந்தது நமக்கு வலிக்கவில்லை.

பெற்றோரைக் கொன்றவன் யார் என்பதும் அப்படித்தான். காமிக்ஸில் அவன் சாதாரணத் திருடன்; ஜோ சில் என்ற பெயரே 1948இல்தான் வந்தது. யாரோ ஒருவன் என்பதால்தான் பேட்மேனின் கோபம் ஒரு ஆளோடு முடியாமல் குற்றம் முழுவதன் மேலும் பரவுகிறது. 1989இல் டிம் பர்ட்டன் அந்தக் கொலையை ஜோக்கர் கையில் கொடுத்தார். அந்தப் படத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பழி தீர்ந்தது. தீர்ந்த பிறகு மறுநாள் ராத்திரி முகமூடி எதற்கு? 2005இல் கிறிஸ்டோபர் நோலன் இதைச் சரியாகப் பிடித்தார். துப்பாக்கியோடு நீதிமன்றத்துக்குப் போகிறான் புரூஸ், அதாவது இன்னும் முகமூடி போடாத பேட்மேன். அவனுக்கு முன்னால் வேறொருத்தி ஜோ சில்லைச் சுட்டுவிடுகிறாள். பழி கைநழுவிப் போய்விட்டதால், அவன் வேறு வழி தேடித்தான் ஆக வேண்டும்.

உடைக்கும் இதே கணக்குதான். 1989 உடையில் முகமூடியும் கழுத்தும் ஒரே ரப்பர். மைக்கேல் கீட்டன் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். 2008 படத்தில் தலை திரும்புகிற மாதிரி புது உடை கேட்கிறான் புரூஸ். தகடுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இடைவெளியில் கத்தி இறங்கும் என்றும் எச்சரிக்கிறார்கள். ஒன்று கிடைத்தால் இன்னொன்று போகும்.

மிஸ்டர் ஃப்ரீஸ் 1959இல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்த, பனித் துப்பாக்கி வைத்த திருடன், வேறொன்றுமில்லை. புதுப் பெயரைக் கொடுத்தது 1966 தொலைக்காட்சித் தொடர். 1992 அனிமேஷன் தொடரின் ஒரே ஒரு அத்தியாயத்தில் பால் டினி அவனுக்கு நோரா என்ற மனைவியைக் கொடுத்தார். தீராத நோய், உறைந்த உடல், விட முடியாத கணவன். அன்றிலிருந்து உலகத்துக்கு அவன்தான் மிஸ்டர் ஃப்ரீஸ். 2012இல் காமிக்ஸில், நோரா அவன் மனைவியே இல்லை, எல்லாம் அவன் பிரமை என்று மாற்றினார்கள். துப்பாக்கியும் தலைக்கவசமும் அப்படியே இருந்தன. துக்கத்தை எடுத்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. எனக்கு அதில் மிஞ்சியது ஒரு பைத்தியக்காரன் மட்டும்தான்.

2024இல் காமிக்ஸில் ஸ்காட் ஸ்னைடரும் நிக் டிரகோட்டாவும் கோடீஸ்வரன் புரூஸின் பணத்தையே எடுத்துவிட்டார்கள். புரூஸ் பொறியாளர், அம்மா உயிரோடு இருக்கிறாள். பணம் இல்லாத வீட்டில் பட்லர் இருக்க முடியாது, அதனால் ஆல்ஃபிரட் உளவாளி. வாங்க முடியாத கருவிகளுக்குப் பதில் மலை மாதிரி உடம்பு, மார்புச் சின்னத்தைக் கழற்றினால் கோடாலி. எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஈடு வைத்திருக்கிறார்கள்.

"எல்லாம் வியாபாரத்துக்காக" என்று ஒருவர் சொன்னார். ஆமாம், 1939லிருந்தே.

அசல் அசல் என்று கத்தியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அசலை எழுதியவர் யார்? ஓவியர் பாப் கேன் முதலில் வரைந்தது சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் பட்டை, விறைப்பான இறக்கைகள். முழு முகமூடி, மேலங்கி, சாம்பல் நிறம், புரூஸ் வெய்ன் என்ற பெயர், காத்தம் எல்லாம் எழுத்தாளர் பில் ஃபிங்கர் கொடுத்தது. ராபினே அவர் குறையிலிருந்து பிறந்தவன்தான். பேட்மேனுக்குப் பேச ஒரு துணை வேண்டும், தனியாக எவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருப்பான் என்றார். ஒப்பந்தம் கேன் பேரில் இருந்தது. ஃபிங்கர் 1974இல் செத்துப்போனார். 'உருவாக்கியவர்கள்' வரியில் அவர் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015இல். நேற்று அவ்வளவு பேர் அசலுக்காகச் சண்டை போட்டீர்கள், ஒருத்தர் வாயிலும் அந்த மனிதர் பெயர் வரவில்லை. ஒரு புது வாசகியை விரட்ட மட்டும் அசல் வேண்டியிருந்தது.

கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோதும் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்கள் போயின. இன்று அவரையும் அசல் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள்.

தங்கச்சி, இதைப் படித்தால்: 'பேட்மேன்' 404 முதல் 407 வரை, நாலே இதழ், 1987, மில்லர் எழுதி டேவிட் மசூக்கெல்லி வரைந்தது. முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். அதில் பாதி போலீஸ்காரர் கார்டனின் கதை, அதைத் தாண்டிப் போகாதே. பிடித்திருந்தால் அடுத்து 1973இல் வந்த 251ஆம் இதழ், தனிக்கதை, ஜோக்கர் மறுபடி கொலைகாரனாகத் திரும்பியது அதில்தான். அதற்கப்புறம் நீ பார்த்த படத்தை இன்னொரு தடவை பார். சந்தேகம் இருந்தால் என்னிடம் கேள்.